எழுபத்திரண்டாம் அதிகாரம்

எங்கள் சபையில் புத்தாண்டுக் காலை ஆராதனை முடிந்ததும் வாக்குத்தத்தச் சீட்டு எடுப்போம். ஒரு பித்தளைத் தாம்பாளத்தில் சின்னச் சின்ன அட்டைகளைக் கவிழ்த்து வைத்திருப்பார்கள். ஒவ்வொன்றிலும் ஒரு வேத வசனம் இருக்கும். வீட்டுக்கு ஒருவர் போய் ஒன்றை எடுத்து வரவேண்டும். அந்த வருடம் முழுவதும் அந்த வீட்டுக்கு ஆண்டவர் கொடுத்த வாக்கு அதுதான். பட்டணத்துச் சபைகளில் ரோஜாப்பூ படம் போட்ட அச்சட்டைகள் தருவார்களாம். ஒரத்தநாட்டுக்குத் தெற்கே இருந்த எங்கள் ஓட்டுக்கூரைக் கோயிலுக்கு அதெல்லாம் கட்டுப்படியாகாது. கோயிலைப் பார்த்துக்கொண்டு ஆராதனை நடத்துகிற உபதேசியார், ஊரில் நடந்த கல்யாணங்களின் பத்திரிகைகளைச் சேர்த்துவைத்து, மார்கழியில் உட்கார்ந்து நறுக்கி, வெள்ளையாக இருக்கிற பக்கத்தில் நீலப் பேனாவால் வசனம் எழுதுவார். திருப்பிப் பார்த்தால் யாரோ ஒருவருடைய முகூர்த்த நேரமோ பெண்ணின் படிப்போ இருக்கும்.

அப்பாவுக்கு இதில் நம்பிக்கை கிடையாது. கிறிஸ்துமஸுக்கும், காணிக்கையாக வந்த விளைச்சலை ஏலம் விடுகிற அறுப்பின் பண்டிகைக்கும் மட்டும் கோயிலுக்கு வருகிற கூட்டத்தைச் சேர்ந்தவர். அம்மா சீட்டு எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்தால், "சீட்டு வந்துருச்சி, கிளி எங்க?" என்று கேட்பார். அம்மா நேரே அடுப்படிக்குப் போய்விடுவார். அன்று மத்தியானம்வரை அப்பாவுக்குப் பேச்சும் கிடையாது, காப்பியும் கிடையாது. அப்பா என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டுவார். வருடத்தின் முதல் நாள் எங்கள் வீட்டில் இப்படித்தான் விடியும்.

நான் நாலாம் வகுப்பு படித்த வருடம் கிளியைக் கேட்க அப்பா வீட்டில் இல்லை. ஊரில் மஞ்சள் போர்டு வைத்த டெலிபோன் பூத் வந்த புதிது அது. மேட்டூர்த் தண்ணீரை நம்பிக் குறுவை போட்டவர்களெல்லாம் கையைச் சுட்டுக்கொண்டிருந்தார்கள். தாத்தா பண்ணைக்கு உழைத்தே போய்ச்சேர்ந்தவர். அப்பா தலையெடுத்துக் கொத்து வேலை கற்றுக்கொண்டு, சொந்தமாக இரண்டு மா நிலம் வாங்கியிருந்தார். அந்த நிலத்தையும் அம்மாவின் நகையையும் அடகு வைத்துத்தான் வளைகுடாவுக்கு விமானம் ஏறினார். தெருவில் நான்கு வீட்டு ஆண்கள் அப்படிப் போயிருந்தார்கள். ஒரு வீட்டில் டேப்ரிக்கார்டர் வந்துவிட்டது. எங்கள் வீட்டுக்கு மாதம் ஒரு கடிதம் வந்தது. "நான் நலம். நீங்கள் நலமா?" என்று தொடங்கி, அதே அளவு சுவாரசியத்தோடு முடியும்.

வெளிநாடு போனவர்களுக்கு என்று தனியாக ஒரு சீட்டு எடுத்து அனுப்புகிற வழக்கத்தை உபதேசியார் அந்த வருடம் தொடங்கிவைத்தார். போனவருடைய பிள்ளைதான் அதை எடுக்கவேண்டும். கோயிலில் படிக்கக் கூடாது. வீட்டுக்குக் கொண்டுபோய், சாயங்கால ஜெபத்தில் வைத்துத்தான் படிக்கவேண்டும். நான் புதுப் பாவாடை தடுக்கத் தடுக்கத் தாம்பாளத்துக்குப் போய், கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, அப்பாவுக்காக ஓர் அட்டையை எடுத்தேன். கோயிலைக் கூட்டிப் பாய் சுருட்டுகிற முறை அன்று அம்மாவுடையது. அதனால் அட்டையை என் கையிலேயே விட்டு, நேராக வீட்டுக்குப் போகச் சொன்னார்.

நேராகத்தான் போனேன். வாய்க்கால் வந்தது. குறுக்கே ஒரு தென்னை மரத்தை வெட்டிப் போட்டிருப்பார்கள், அதுதான் பாலம். அதன் நடுவில் நின்றுகொண்டு, அப்பாவுக்கு ஆண்டவர் என்ன சொல்லியிருக்கிறார் என்று ஓரத்தை மட்டும் லேசாகத் திருப்பிப் பார்க்கலாமென்று நினைத்தேன். மூன்று எழுத்துகூடப் படித்திருக்க மாட்டேன். காற்றடித்தது, பாவாடையைப் பிடித்தேன், அட்டை போய்விட்டது. சம்பாவுக்குத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்த நாள். அட்டை முழுகக்கூட இல்லை. முகூர்த்த நேரத்தை மேலே காட்டிக்கொண்டு, நிதானமாக மிதந்து மதகுப் பக்கம் போயிற்று. கொஞ்ச தூரம் கரையோடு ஓடிப் பார்த்தேன். மதகுக்குள் நுழைந்த பிறகு காணவில்லை.

வீட்டுக்கு வந்து அழுதேன். அழுது முடித்ததும் மூளை வேலை செய்தது. அம்மாவின் டிரங்குப் பெட்டியில் பெரியப்பா மகள் கல்யாணப் பத்திரிகை இருந்தது. அரிவாள்மணையில் வைத்து ஒரு துண்டு நறுக்கினேன். பின்பக்கம் "தங்கள் நல்வரவை விரும்பும்" என்று இருந்தது, அது போகட்டும் என்று விட்டுவிட்டேன். உபதேசியாரின் உருண்டை எழுத்தைக் கொண்டுவர நாக்கை வெளியே நீட்டிக்கொண்டு எழுதினேன். எந்த வசனத்தை எழுதுவது என்பதுதான் சிக்கல். ஞாயிறு பள்ளியில் மனப்பாடம் செய்ததெல்லாம் அந்த நேரத்தில் மறந்துபோயிருந்தது. ஆகவே நானே ஒன்று செய்தேன். "என் மகனே, நீ உன் வீட்டுக்குச் சீக்கிரமாய் வருவாயாக. உன் குமாரத்தி உன்னைத் தேடுகிறாள் என்று கர்த்தர் சொல்லுகிறார்." படித்துப் பார்த்தேன். வேதத்தில் இருக்கிற மாதிரியே இருந்தது. கீழே ஆதாரம் போடவேண்டுமே. பிரசங்கத்தில் அடிக்கடி அடிபடுகிற ஒரு பெரிய தீர்க்கதரிசியின் பெயரை எழுதி, எழுபத்திரண்டாம் அதிகாரம், நான்காம் வசனம் என்று போட்டேன். அந்தத் தீர்க்கதரிசிக்கு அறுபத்தாறு அதிகாரங்கள்தான் உண்டு என்பது அப்போது எனக்குத் தெரியாது.

அன்று சாயங்காலம் அம்மா பாயில் முழங்கால் போட்டு ஜெபித்துவிட்டு, அட்டையை அரிக்கேன் விளக்கின் பக்கம் கொண்டுபோய்ப் பார்த்தார். ஒருமுறை வாய்க்குள் படித்தார். பின்பக்கம் திருப்பினார். மறுபடி முன்பக்கம். பிறகு சத்தமாக, பிசகாமல், அதிகாரம் வசனம் உள்பட முழுவதையும் படித்து "ஆமென்" என்றார். நானும் ஆமென் என்றேன். அம்மாவின் குரல் கம்மியிருந்தது. கோயிலைக் கூட்டிய தூசிதான் காரணம் என்று நினைத்துக்கொண்டேன். மறுநாள் அட்டையைத் தன் கடிதத்தோடு கவரில் வைத்து ஒட்டினார். நான்தான் கொண்டுபோய்த் தபால்பெட்டியில் போட்டேன்.

தப்பித்தாயிற்று என்ற சந்தோஷம் ஒரு வாரம்தான். அடுத்த ஞாயிறு பள்ளியில், நிலம் விற்ற காசில் பொய் சொன்ன புருஷனும் பெண்சாதியும் அப்போஸ்தலர் காலடியில் விழுந்து செத்த கதையை டீச்சர் சொன்னார். அவர்களாவது காசு விஷயத்தில்தான் பொய் சொன்னார்கள், நான் கர்த்தர் சொன்னதாகவே சொல்லியிருக்கிறேன். எந்த நிமிஷமும் விழுவேன் என்று, கொஞ்ச நாள் சுவரை ஒட்டியே நடந்தேன். விழுந்தாலும் மெத்தென்று விழட்டுமே என்று வைக்கோல் போர் பக்கமாகவே விளையாடினேன். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. அதற்குப் பதிலாக அப்பாவின் கடிதம் நின்றுபோயிற்று.

தை மாதம் வரவில்லை. மாசியிலும் வரவில்லை. தபால்காரர் எங்கள் வீட்டைத் தாண்டும்போது சைக்கிளை மிதித்து வேகமாகப் போவார், அம்மா முகத்தைப் பார்க்கவேண்டி வருமே என்று. சம்பா அறுத்துக் களம் காலியாகிவிட்டது. அம்மா வெள்ளிக்கிழமைதோறும் உபவாசம் இருந்தார். பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் கூலி வேலைக்குப் போய்விட்டு வந்து, மாட்டுக்கொட்டகையில் முழங்கால் போட்டு அப்பாவின் பேரைச் சொல்லி அழுவார். அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு கதவோரம் நிற்பேன். என் ஒருத்தியால்தான் இது. நான் அனுப்பியது பொய்ச் சீட்டு என்று ஆண்டவருக்குத் தெரிந்து, கோபத்தில் அப்பாவைப் பிடித்துவைத்துக்கொண்டுவிட்டார். "என்னை அடிங்க ஆண்டவரே, அப்பாவ விட்டுருங்க" என்று எத்தனையோ தடவை சொல்லியிருப்பேன். அம்மாவிடம் சொல்லத்தான் வாய் வரவில்லை. நான் பயந்த அளவுக்கு அதற்குப் பிறகு வாழ்நாளில் எதற்கும் பயந்ததில்லை.

பங்குனியில் ஒரு நாள் மத்தியானம், வெள்ளைச் சட்டை போட்டுக் கைலி கட்டிய ஒருவர் எங்கள் வாசலில் வந்து நின்று அப்பாவின் பேரைச் சொல்லி விசாரித்தார். பட்டுக்கோட்டைப் பக்கத்தில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் முஸ்லிம் குடும்பத்துப் பிள்ளை. அப்பாவோடு ஒரே அறையில் தங்கியிருந்தவர், லீவில் வந்திருக்கிறார். ஒரு போர்வையும் பால்பவுடர் டின்னும் ஒரு புட்டி தைலமும் கொண்டுவந்திருந்தார். அம்மாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அவரை உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்துவிட்டுத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"பயப்படாதீங்கக்கா, அண்ணன் நல்லாத்தான் இருக்காரு. சாரத்துலேர்ந்து விழுந்துட்டாரு, காலு ஒடிஞ்சிருச்சி. மாவுக்கட்டு போட்டு ரெண்டு மாசம் படுக்கையிலதான் கெடந்தாரு. விழுந்துட்டேன்னு எழுத மனசு வரல, நல்லாருக்கேன்னு எழுதவும் கை வரலன்னாரு. அதான் காயிதம் இல்ல."

அம்மா அப்படியே உட்கார்ந்துவிட்டார். வந்தவர் தண்ணீரைக் குடித்துவிட்டு, சிரித்துக்கொண்டே சொன்னார்: "நீங்க ஒரு அட்ட அனுப்பிருந்தீங்கள்லக்கா? ஆசுபத்திரியில நான்தான் கவரப் பிரிச்சிக் குடுத்தேன். படிச்சிட்டு அப்படிச் சிரிச்சாரு பாருங்க, பக்கத்துக் கட்டில்காரனெல்லாம் எந்திரிச்சிட்டான். அப்பறம் ஒரே அழுக. தலகாணி ஒறைக்குள்ளயே வச்சிருக்காரு. அங்க உங்க வேதக்காரங்க லீவு நாளான வெள்ளிக்கெழம கூடி ஜெபம் பண்ணுவாங்க, அது வரைக்கும் அந்தப் பக்கமே போகாத மனுசன், நொண்டிக்கிட்டே போக ஆரம்பிச்சிட்டாரு."

இந்தப் பேச்சில் எனக்குக் காதில் விழுந்தது ஒன்றுதான். அப்பா சிரித்தாராம். அப்படியானால் கண்டுபிடித்துவிட்டார். நான் பால்பவுடர் டின்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கொல்லைப்புறம் போய் உட்கார்ந்துகொண்டேன்.

கோடை விடுமுறையில் அப்பா வந்தார். கால் ஒடிந்தவருக்கு உட்கார்ந்த வேலை ஏதாவது வரும்வரை காத்திருக்கலாம், இல்லாவிட்டால் கையெழுத்துப் போட்டுவிட்டு ஊருக்குப் போகலாம் என்று கம்பெனியில் சொன்னார்களாம். அப்பா கையெழுத்துப் போட்டுவிட்டார். பஸ்ஸிலிருந்து கம்பை ஊன்றி இறங்கியபோது எனக்கு அடையாளமே தெரியவில்லை, அவ்வளவு கறுத்து இளைத்திருந்தார். தெருவே கூடிவந்து பெட்டியைப் பார்த்தது. டேப்ரிக்கார்டர் இல்லை, நகை இல்லை. இரண்டு சட்டை, ஒரு பொட்டலம் பேரீச்சம்பழம், எனக்கு ஒரு காந்தம் வைத்த பென்சில் டப்பா. கூட்டம் கலைந்ததும், "இதுக்குத்தானா அம்புட்டுத் தூரம் போனாரு" என்று யாரோ சொன்னது உள்ளே வரைக்கும் கேட்டது. அப்பாவுக்கும் கேட்டிருக்கும். அவர் எனக்குப் பென்சில் டப்பாவை எப்படித் திறப்பது என்று காட்டிக்கொண்டிருந்தார். அட்டையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் பேசாமல் இருந்தது எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

அடுத்த ஞாயிறு அப்பா தானாகக் குளித்து, தானாகக் கோயிலுக்குக் கிளம்பினார். கிறிஸ்துமஸும் இல்லாமல் ஏலமும் இல்லாமல் அவர் வந்ததைப் பார்த்து ஆண்கள் பக்கத்தில் இருந்தவர்கள் நகர்ந்து உட்கார்ந்து இடம் விட்டார்கள். பாட்டு முடிந்து, சாட்சி சொல்லுகிறவர்கள் சொல்லலாம் என்று உபதேசியார் சொன்னதும் அப்பா கம்பை ஊன்றி எழுந்தார். சாட்சி என்றால், ஆண்டவர் தனக்குச் செய்ததைச் சபைக்கு முன்னால் நின்று சொல்வது. வழக்கமாகக் காய்ச்சல் விட்டது, மாடு கன்று போட்டது என்றுதான் சொல்வார்கள்.

அப்பாவுக்கு மேடைப்பேச்சு வராது. தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "இந்தக் காலு ஏன் ஒடிஞ்சிச்சின்னு அவருகிட்ட கேட்டுக்கிட்டேதான் இருக்கேன். இன்னும் பதில் வரல. ஆனா கேக்குறதுக்கு ஒருத்தரு இருக்காருன்னு எனக்கு அந்தக் கட்டில்லதான் தெரிஞ்சிச்சி. அதுக்கு முன்னாடி தெரியாது." கம்பை மறுகைக்கு மாற்றிக்கொண்டார். "மானம் போவுமேன்னு அங்கயே கெடந்து செத்துருவேன்னு நெனச்சேன். அப்பத்தான் எனக்கு ஒரு வசனம் வந்துச்சி."

சட்டைப்பையிலிருந்து அந்த அட்டையை எடுத்தார். நான்கு மூலையும் தேய்ந்திருந்தது. பெண்கள் பக்கம் பாயில் உட்கார்ந்திருந்த நான் அம்மாவின் முந்தானைக்குள் தலையை நுழைத்துக்கொண்டேன். அப்பா படித்தார். "என் மகனே, நீ உன் வீட்டுக்குச் சீக்கிரமாய் வருவாயாக." குமாரத்தி தேடுவதையும் விடவில்லை. தீர்க்கதரிசியின் பேரைச் சொன்னார். எழுபத்திரண்டாம் அதிகாரம், நான்காம் வசனம் என்று அழுத்தமாகச் சொன்னார்.

முன்வரிசையில் இரண்டு பேர் வேதப்புத்தகத்தைப் புரட்டுவதும், கடைசி அதிகாரம்வரை போய் நின்றுவிடுவதும் கேட்டது. நான் முந்தானைக்குள்ளிருந்து ஒற்றைக் கண்ணால் பார்த்தேன். ஊரிலுள்ள அத்தனை அட்டைகளையும் தன் கையால் எழுதிய உபதேசியார் முதலில் கூரையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். பிறகு ஓடு அதிர்கிற மாதிரி "ஆமென்!" என்றார். சபையும் சொல்லிற்று. புரட்டிக்கொண்டிருந்தவர்களும் புத்தகத்தை மூடிவிட்டுச் சொன்னார்கள்.

வெளியே வரும்போது உபதேசியார் என் காதைப் பிடித்தார். வலிக்கவில்லை. "வேதத்துல ஒரு கழுதைய வச்சே பேசுனவருதான் நம்ம ஆண்டவர். ஒன்னை வச்சுப் பேசுறதா அவருக்குக் கஷ்டம்?" என்றார். கழுதை என்று திட்டுகிறார் என்று எடுத்துக்கொண்டு, அதற்குத் தகுதிதான் என்று வாயை மூடிக்கொண்டு வந்தேன்.

வீட்டில் அதற்குமேல் தாங்க முடியவில்லை. மீன் குழம்பைத் தாளித்துக்கொண்டிருந்த அம்மாவின் காலைக் கட்டிக்கொண்டு, வாய்க்கால், தென்னை மரம், பெரியப்பா மகள் பத்திரிகை என்று எல்லாவற்றையும் கொட்டினேன். அம்மா கரண்டியை வைக்கக்கூட இல்லை.

"எல்லாம் தெரியும்டி. எந்த ஊர்ல ஆண்டவர் குமாரத்தி தேடுறான்னு சீட்டு அனுப்புவாரு? அன்னிக்கே தெரியும்."

"அப்பறம் ஏம்மா அனுப்புனீங்க?"

"போயி கைய கழுவிட்டு அப்பாவக் கூப்புடு. கொழம்பு ஆறிப்போவுது."

எனக்கு அது போதுமானதாக இருந்தது. நான் விழுந்து சாகப்போவதில்லை, அப்பாவும் வந்துவிட்டார், அம்மா அடிக்கவும் இல்லை. அன்று மூன்று துண்டு மீன் தின்றேன். கேட்ட கேள்விக்கு அம்மா பதில் சொல்லவே இல்லை என்பது எனக்கு உறைக்கவில்லை.

அப்பா பிறகு வெளிநாடு போகவில்லை. நொண்டிக்கொண்டே கொத்து வேலை பார்த்து நிலத்தை மீட்டார். வாரம் தவறாமல் கோயிலுக்கும் போனார். நான் படித்து, நர்ஸாகி, அப்பா படுத்திருந்த அந்த நாட்டுக்கே வேலைக்குப் போகவேண்டி வந்தபோது, பாஸ்போர்ட்டுக்காகப் பழைய காகிதங்களைத் தேடுகையில் அம்மாவின் கடிதங்கள் கிடைத்தன. அப்பா ஒன்றுவிடாமல் திருப்பிக் கொண்டுவந்திருக்கிறார். எல்லாவற்றிலும் ஒரே சங்கதிதான். இங்கே அனைவரும் சுகம், எங்களைப் பற்றிக் கவலை வேண்டாம், எவ்வளவு கஷ்டமானாலும் ஒப்பந்தம் முடியும்வரை இருந்துவிட்டு வாருங்கள். அடகில் இருக்கிற நிலத்தையும் தெருக்காரர்களின் வாயையும் வைத்துக்கொண்டு அம்மாவால் வேறென்ன எழுதியிருக்க முடியும். ராத்திரி பூராவும் அழுதவர் ஒரு கடிதத்திலாவது வந்துவிடுங்கள் என்று எழுதவில்லை. அந்தப் புத்தாண்டுக் கடிதத்திலும் இருந்துவிட்டு வாருங்கள் என்றுதான் இருந்தது. அதை எழுதிய கையோடுதான் என் அட்டையையும் அதே கவரில் வைத்து ஒட்டியிருக்கிறார்.

இருந்துவிட்டு வாருங்கள் என்று ஒன்று, சீக்கிரம் வா என்று ஒன்று. இரண்டில் எது அம்மா மனசோடு அனுப்பியது என்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்த அப்பாவுக்குத் தெரிந்திருக்கிறது. கூடவே இருந்த எனக்குத்தான் தெரியவில்லை.